கடுகு வயலில் ஒளிந்திருக்கும் நச்சுச் செடி: காட்டுக் கடுகையும் பிரம்மதண்டையும் இனங்காண்பது எப்படி?

புதுதில்லி: ராஜஸ்தான், ஹரியாணா, உத்தரப் பிரதேச மாநிலங்களில் ரபி பருவத்தில் விதைக்கப்படும் கடுகு, குளிர்காலத்தில் வயல் முழுவதும் மஞ்சளாகப் பூக்கிறது. அந்தப் பூக்களுக்கு இடையே விவசாயிகள் விதைக்காத வேறு மஞ்சள் பூக்களும் தலைகாட்டுவது உண்டு. அவற்றில் காட்டுக் கடுகு, பயிரின் நெருங்கிய உறவு. பிரம்மதண்டு எவ்வகையிலும் உறவல்ல. அதன் விதையில் நஞ்சு உள்ளது.

1998-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தலைநகர் தில்லியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது, பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகு எண்ணெய்தான். சுமார் மூவாயிரம் பேர் பாதிக்கப்பட்டனர். கால்கள் இரண்டும் வீங்கிச் சிவத்தல், வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். முற்றிய நிலையில் இதயம் செயலிழக்கும். கண்ணில் நீர் அழுத்தமும் ஏற்படலாம். 'எபிடெமிக் டிராப்ஸி' எனப்படும் இந்த உடல் வீக்க நோய் 1877-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் பதிவாகியுள்ளது. எண்ணெயில் ஒரு விழுக்காடு கலப்பே நோயை உண்டாக்கப் போதுமானது என மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன.

காட்டுக் கடுகு என்ற பெயரில் காடு இருந்தாலும், அது அடர்ந்த வனத்தில் வளர்வதில்லை. மத்தியத்தரைக் கடல் பகுதியைச் சார்ந்த இச்செடி, உழுது கிளறப்பட்ட மண்ணையே நாடுகிறது. தானிய வயல்களும் சாலையோரங்களுமே அதன் வாழிடம். காய்கள் முற்றியதும் வெடித்துச் சிதறும் விதைகள், மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் முளைப்புத் திறன் குன்றாமல் கிடக்கும். ஒருமுறை இடம்பிடித்த வயலில் இருந்து அதனை ஒழிப்பது கடினமாவதற்கு இதுவே காரணம்.

கடுகுக் குடும்பத்துப் பூவை இனங்காண்பது எளிது. சிலுவை வடிவில் நான்கு இதழ்கள் இருக்கும். உள்ளே மகரந்தத் தாள்கள் ஆறு, அவற்றில் நான்கு நெடியவை, இரண்டு குறியவை. பயிர்க் கடுகுக்கும் காட்டுக் கடுகுக்கும் இது பொது. தண்டின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். காட்டுக் கடுகின் தண்டில் கீழ்நோக்கிய சொரசொரப்பான முடிகள் உண்டு. உடல் வீக்க நோயை உண்டாக்கும் நஞ்சு இச்செடியில் இல்லை.

பிரம்மதண்டு கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது. குடியோட்டிப்பூண்டு என்றும் தமிழில் வழங்கும் இச்செடி, தமிழகத்தின் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் பலரும் பார்த்துப் பழகியதுதான். வட இந்தியாவில் இதனைச் 'சத்யாநாசி' என்கின்றனர். 'அனைத்தையும் நாசம் செய்வது' என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இதன் பூவில் பெரும்பாலும் ஆறு இதழ்களும் எண்ணற்ற மகரந்தத் தாள்களும் இருக்கும். நீலம் கலந்த பச்சை இலைகளில் வெண்ணிற நரம்புகளும் ஓரங்களில் முட்களும் காணப்படும். கடுகின் காய் மெல்லிய நீண்ட குச்சி போன்றது. பிரம்மதண்டின் காயோ முட்கள் நிறைந்த தடித்த உருளை. தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். கடுகுச் செடியில் அப்படி வடிவதில்லை.

ஆகவே, வயலில் செடியாக நிற்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. கடுகு முற்றும் காலத்திலேயே பிரம்மதண்டும் காய்ப்பதால், களையெடுக்கத் தவறிய வயல்களில் இரண்டும் ஒன்றாக அறுவடையாகி விடுகின்றன. அதன்பின் களத்தில் குவிந்து கிடப்பவை ஏறத்தாழ ஒரே அளவுள்ள கரிய விதைகள் மட்டுமே. அந்த நிலையில் சல்லடையும் பெரிதாக உதவாது. விலை மலிவு கருதி வேண்டுமென்றே கலப்பவர்களுக்கும் இந்த ஒற்றுமைதான் வசதியாகிறது.

எனினும் விதைகளைக் கூர்ந்து பார்த்தால் பிரித்தறியலாம். கடுகின் மேற்பரப்பு வழவழப்பானது. நசுக்கினால் உட்புறம் மஞ்சளாகத் தெரியும். பிரம்மதண்டு விதை கூடுதல் கருமையும் சொரசொரப்பும் உடையது. நசுக்கினால் உட்புறம் வெண்மையாக இருக்கும். வீட்டில் வாங்கிய கடுகை வெள்ளைத் தட்டில் பரப்பி, சந்தேகத்துக்குரியவற்றைக் கரண்டியால் நசுக்கிப் பார்த்தாலே போதும்.

எண்ணெயாகிவிட்டால் கண்ணால் கண்டறிய வழியில்லை. ஆய்வகங்களில் அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சோதிக்கின்றனர். கலப்படம் இருப்பின் அமிலப் படலம் சிவப்பு அல்லது செம்பழுப்பு நிறமாக மாறும். வீட்டில் செய்யத்தக்க சோதனை அல்ல இது. தில்லி நிகழ்வைத் தொடர்ந்து 1998-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சமையல் எண்ணெய் பொட்டலமிடல் ஒழுங்குமுறை ஆணையைப் பிறப்பித்து, முத்திரையிட்ட கலன்களில் மட்டுமே சமையல் எண்ணெய் விற்கப்பட வேண்டும் என வரையறுத்தது.