மூடா ஆற்றின் இரு கரைகள்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கை பட்டாணி நகருக்கும் பினாங்கு மாநில எல்லைக்கும் இடையே அமைந்த திகாம் பத்து என்னும் சிற்றூரை நடுவாக வைத்து நாற்றிசையையும் நோக்கினால், வடக்கே 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையும், தெற்கே மூடா ஆறும், மேற்கே வயல்களும் அவற்றுக்கப்பால் மலாக்கா நீரிணையும், கிழக்கே ஏறியும் இறங்கியும் செல்லும் மேட்டு நிலமும் தோன்றும். ஜெராய் மலைக்கு வடக்கே அலோர் ஸ்டாரைச் சூழ்ந்து விரிந்து கிடக்கும் நெல்வெளியில் தமிழ்க் குடும்பங்கள் அரிதாகவும், மலைக்குத் தெற்கே சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் ஆகிய ஊர்களில் திரளாகவும் வாழ நேர்ந்தது எவ்வாறு என்பதை ஆராயப் புகுவோர் முதலில் நிலத்தையும் நீரையுமே கேட்க வேண்டும்.

ஜெராய் மலை பழங்கால மாலுமிகளுக்குக் கலங்கரை விளக்கமாக நின்றது. வங்கக் கடலைக் கடந்து, நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார் தீவுகளைத் தாண்டிக் கிழக்கே வரும் மரக்கலங்களுக்குத் தொலைவில் முதலில் தென்படுவது அதன் சிகரமே. சுமத்ராத் தீவு பெருங்கடலின் சீற்றத்தைத் தடுத்துக் காப்பதால் நீரிணையின் நீர் அமைதியுற்றிருந்தது. பருவக்காற்று திசை மாறும்வரை காத்திருக்க வேண்டிய வணிகர்களுக்கு மெர்போக் ஆற்றின் முகத்துவாரம் தகுந்த தங்குமிடமாயிற்று. அதனருகே புஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஆலய அடித்தளங்கள் அந்த வர்த்தகத்தின் சாட்சியங்கள். 1025-ஆம் ஆண்டளவில் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரம் எனப்பட்ட கெடாவின் மீது சென்றதற்கும் இக்கடல்வழியின் மதிப்பே காரணம். அந்நாளில் தமிழன் வணிகனாகவும் படைவீரனாகவும் வந்து, கரையோரத்தில் தங்கி, காற்று மாறியதும் திரும்பினான். உள்நாட்டு மேட்டுநிலம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

வடக்குச் சமவெளியின் கதை வேறு. தாழ்ந்து, தட்டையாக, மழைநீர் தங்கும் களிமண் நிலமாகிய அது நெல்லுக்கென்றே அமைந்தது. அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரத்துக் குருண்வரை முப்பது கிலோமீட்டருக்கும் மேலாகச் செல்லும் வான் மாட் சமான் கால்வாயை 1885-இல் வெட்டத் தொடங்கியது வெள்ளைத் துரைத்தனம் அன்று. கெடாவின் மலாய் அரசே. வரப்பும் வாய்க்காலும் உள்ள இடத்தில் உழவர் குடிகள் வேரூன்றியிருந்தனர். அவர்களுக்கு மேல் ஓர் அரசும் இருந்தது. பிற்காலத்தில் வந்த ஆங்கிலேய நிர்வாகமும் அச்சமவெளியை மலாய் விவசாயிகளின் நெற்களமாகவே விட்டுவைப்பதில் தன் சௌகரியத்தைக் கண்டது.

பினாங்கோ தன் சோற்றுக்குத் தானே வழிதேட இயலாத தீவு. 1786-இல் பிரான்சிஸ் லைட் அதைக் கைக்கொண்ட நாள்முதல் கெடாவின் அரிசியை நம்பியே துறைமுகம் வளர்ந்தது. அந்த அரிசி வரத்து தடைப்படலாம் என்ற அச்சத்தின் பலனாகவும், துறைமுகத்தின் எதிர்க்கரையைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தாலும், 1800-ஆம் ஆண்டின் உடன்படிக்கை வாயிலாக மூடா ஆற்றுக்குத் தெற்கேயுள்ள கரையோரப் பட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. கெடா சுல்தானுக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் ஸ்பானிய வெள்ளி தருவதாக ஏற்பாடு. அன்றுமுதல் மூடா ஆறு இரு ராஜ்ஜியங்களின் எல்லையாயிற்று.

இங்கே வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். ஆற்றின் இரு கரைகளிலும் பெய்யும் மழை ஒன்றே. மண்ணிலும் பெரிய வேறுபாடில்லை. ஆயினும் தென்கரைக்கு அப்பாற்பட்ட பிரிட்டிஷ் நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்கள் எழுந்து, ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். எல்லைக்கு அப்பால் கெடாவிலோ, சீன முதலாளிகள் மரவள்ளி பயிரிட்டும் கூலிம் பக்கத்தில் ஈயம் தோண்டியும் பினாங்குச் சந்தைக்கு அனுப்பிவந்தார்களேயன்றி, தமிழர் பெருந்தொகையாகக் குடியேறவில்லை. கெடா அப்போது சயாம் தேசத்தின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கைக்குப் பிறகே ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆகவே நிலம் மட்டுமே சமுதாயத்தை வனைந்தது என்று கொள்வது பாதி உண்மையே.

மற்றப் பாதியை ரப்பர் நிறைவு செய்தது. பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஆண்டு முழுதும் வெப்பமும், இரண்டாயிரம் மில்லிமீட்டர் அளவு மழையும், வேரில் நீர் தேங்காத சரிவும் அம்மரத்துக்கு வேண்டும். நெல்லுக்கு ஆகாத மேட்டுநிலமே கித்தா எனப்படும் ரப்பருக்கு உகந்தது. அதிலும், பினாங்குத் துறைமுகத்துக்கு அண்மையில் இருந்த தென்கெடாவே முதலாளிகளின் கண்ணில் முதலில் பட்டது. 1915-இல் ரயில்பாதை அலோர் ஸ்டாரை எட்டியபோது, ரப்பர்ப் பால் ஷீட்டாகித் துறைமுகம் செல்லவும், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கூலிக் குடும்பங்கள் தோட்டம் வந்து சேரவும் ஒரே தடம் உதவிற்று. கங்காணி என்னும் ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளன் தன் சொந்த ஊரில் தன் உறவிலேயே ஆள் திரட்டியதால், ஒரு கிராமத்தின் சாதியும் சாமியும் அப்படியே லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன.

மேட்டுநிலம் அவர்களை வரவேற்ற விதம் கொடிது. நிழல் அடர்ந்த காட்டில் ஓடிய மலையோடைகள் காடழிந்து வெயிலுக்கு வெளிப்பட்டபோது, மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு அத்தெளிந்த நீரிலேயே பெருகியது. கிள்ளான் பகுதியில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன் இதைக் கண்டறிந்தார்: கடலோரத் தாழ்நிலத்தில் வடிகால் வெட்டினால் ஜுரம் குறைந்தது, குன்றுகளில் அம்முறை பலிக்கவில்லை, ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய்வழி செலுத்தவும் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. காட்டை அழித்த கைகளே அந்த ஜுரத்துக்கு முதலில் இரையாயின. எத்தனையோ பேர் ஒரு வெட்டுக்கூட வெட்டிப் பாராமல் மாண்டனர் என்பதை எண்ணும்போது உள்ளம் கலங்குகிறது.

வேலையின் நேரத்தையும் இயற்கையே வகுத்தது. வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையும் என்பதால் விடியுமுன்னரே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரை பிடித்து, மரத்துக்கு மரம் மங்கு என்னும் பால் கிண்ணம் வைத்து வெட்ட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் இலையுதிர்ந்து பாலும் குன்றும்.

ஆனால் கூலி? 1920-களின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலால் மலாயாவின் சில பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, போக்குவரத்து எளிதான இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எளிதில் எட்ட முடியாத பகாங்கில் 58-உம் 46-உம். அந்த எட்டுக் காசு வேற்றுமைக்குத் தூரமும் விலைவாசியும் நோயும் காரணம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஒரே மரத்தை ஒரே கத்தியால் வெட்டிய பெண்ணுக்குப் பத்துக் காசு குறைத்ததற்கு எந்த மலையும் ஆறும் பொறுப்பல்ல. மனிதர் செய்ததை நிலத்தின் தலையில் சுமத்துவதை நான் ஏற்க இயலாதவன்.

பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் தோன்றிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியதும், 1947-இல் அவ்வட்டாரத்து வேலைநிறுத்தங்கள் போலீஸ் துப்பாக்கியைச் சந்தித்ததும் இந்த அநீதியின் தொடர்ச்சியே. ஒன்றுக்கொன்று அண்மையில், ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த தோட்டங்களாதலால் செய்தி விரைந்து பரவியது. பிரித்து வைக்கப்பட்ட லயங்களுக்கிடையே ஒற்றுமை பிறந்தது.

பினாங்குக்கு அண்மை என்ற அதே காரணம் இன்று நிலத்தின் விலையை உயர்த்திவிட்டது. சுங்கை பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. எஞ்சியவற்றில் பெரும்பாலும் செம்பனை. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்ற நிலையில், மூன்று தலைமுறை உழைத்த நிலத்தில் ஒரு காணியும் சொந்தமில்லாமல் குடும்பங்கள் வெளியேறின. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட நாளிலேயே இந்த நிலையை முன்னுணர்ந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தைத் திரட்டி, தோட்டங்களை விலைக்கு வாங்க முற்பட்டார். அச்சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம் கெடாவின் இதே மேட்டுநிலத்தில், கூலிம் வட்டாரத்தில் உள்ளது.