காமன் கூத்தில் களைப்பு எங்கே போகிறது?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அன்று தொடங்கிய கொழுந்து பறிப்பு கண்டிச் சீமையில் இன்றும் முதுகை ஒடிக்கிறது. ஆனாலும் மாசி வந்தால் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழும் மக்கள் இரவிரவாகக் காமன் கதையைச் சொல்லும் காமன் கூத்து ஆடுவார்கள். எப்படி?

தப்புப் பறையின் அடிக்குப் பலர் ஒரே தாளத்தில் அசையும்போது மூளையில் எண்டோர்பின் கூடுகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அது வலியைத் தணிக்கும். கூட ஆடுபவர்மேல் ஒட்டுதலையும் வளர்க்கும். 2010இல் வெளியான ஆக்ஸ்போர்ட் ஆய்வில், படகுத் துடுப்பு வீரர்கள் தனியே பயிற்சி செய்தபோதைவிடச் சேர்ந்து செய்தபின் அதிக வலியைத் தாங்கினார்கள். எண்டோர்பினை நேரே அளக்கவில்லை, ஊகம்தான்.

விடியலில் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடவும் ஒரு காலத்தில் இதே தப்பைத்தான் அடித்தார்கள். அதைக் கேட்டு யாருக்கு உற்சாகம் வந்திருக்கும்! தாளம் மட்டும் போதாது; கூத்தில் கூட ஆடுகிறவர்களோ, சாவு வீட்டுக்குக் காசு சேர்ப்பவர்கள், அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுப்பவர்கள்.