யாரோ, யாராவது, யாரும்

நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்றாகிய சிங்கப்பூரில், ஆங்கில அறிவிப்புகளைத் தமிழாக்கும் தேவை ஓயாதது. 'எனிவன் வித் ஃபீவர் ஷுட் சீ எ டாக்டர்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். 'காய்ச்சலுடன் யாராவது மருத்துவரைப் பார்க்கவேண்டும்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டு பிழைகள் நேர்கின்றன.

முதலாவது, அடையின் பிழை. ஆங்கிலத்தில் 'எனிவன்' போன்ற, இன்னார் எனக் குறிக்காத பெயர்களுக்குப் பின்னே முன்னுருபுத் தொடர் அடையாக ஒட்டிக்கொள்ளும். தமிழில் அடை முன்னே நிற்கும். உருபேற்ற சொல்லோ பெரும்பாலும் வினையையே நாடும். லிட்டில் இந்தியாவின் 'தேக்கா சந்தையில் யாரையாவது கேளுங்கள்' எனில், அங்குச் சென்று கேட்கவேண்டும். 'தேக்கா சந்தையில் உள்ள யாரையாவது கேளுங்கள்' எனில், தொலைபேசியிலும் கேட்கலாம். 'உள்ள' என்னும் பெயரெச்சமே இடத்தை ஆளோடு பிணைக்கிறது.

இரண்டாவது, ஈற்றின் பிழை. 'யாரோ வந்தார்' எனில், வந்தவர் உண்டு. இன்னார் எனத் தெரியாது. 'யாராவது வரட்டும்' எனில், ஒருவர் வந்தால் போதும். 'யாரும் வரலாம்' எனில், அனைவருக்கும் வழியுண்டு. காய்ச்சல் கண்ட பத்துப் பேரில் ஒருவர் மட்டும் மருத்துவரைப் பார்த்தால் போதும் என்பதா அறிவிப்பின் நோக்கம்?

ஆகவே, 'காய்ச்சல் உள்ளவர் எவராயினும் மருத்துவரைப் பார்க்கவேண்டும்' என்றே எழுதுவோம்.