வண்டிச் சத்தம் யார் தலையில்?

கடலில் ஆயிரம் மைல் மிதந்து வரும் சரக்குக்கு மைல் கணக்கில் செலவு கொஞ்சம். கரையேறிய பிறகுதான் செலவு கொழுக்கிறது. லாரி வாடகை, டீசல், சுங்கச் சாவடி, துறைமுக வாசலில் காத்துக் கிடக்கும் ஓட்டுநரின் பட்டினி!

பழவேற்காட்டு மீனவனுக்கும் இதே கதைதான். இறாலும் நண்டும் சென்னை சேரச் சுமார் 60 கிலோமீட்டர். ஐஸ் செலவு, வண்டிச் சத்தம், தரகு போக மிஞ்சுவதே அவன் உலைக்கு!

மலிவான வழி இல்லையா? இருந்தது! 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பழவேற்காடு வழியே ஆந்திரம் வரை நீண்டது. 1878-இல் பக்கிங்காம் பெயர் பெற்றது. உப்பும் விறகும் நெல்லும் படகேறி வந்தன. வண்டி மாடுகள் திணறும் பாரத்தைத் தண்ணீரில் கயிறு கட்டி மனிதர்களே இழுத்தார்கள். 1965, 1966 புயல்கள் அதைச் சிதைத்தன. 2008-இல் தேசிய நீர்வழி என்றார்கள். அறிவிப்பு மிதந்தது, படகு மிதக்கவில்லை!

எண்ணூரில் 2001-இல் துறைமுகம்; காட்டுப்பள்ளியில் 2013-இல் இன்னொன்று. அதையும் சுமார் 2.5 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னுக்குப் பெருக்கத் திட்டம் எழுந்தது. மீனவர் எதிர்த்தனர். ஏன்? அத்தனை சரக்குக்கும் சாலையும் தண்டவாளமும் கிடங்கும் வேண்டும். அவற்றுக்கு இடம்? மீன்குஞ்சு வளரும் கழிமுகமா?

ஏரியில் வலையிடும் இடத்தை முறைவைத்துப் பங்கிடுவதற்கு அங்கே 'பாடு' என்று பெயர். அந்தப் பாடு பறிபோனால் அவனுக்கு மிஞ்சுவது வெறும் பாடுதான்! துறைமுகம் வேண்டாமென்பதல்ல நம் வாதம். சரக்குச் செலவில் மீனவன் இழப்பையும் எழுதுங்கள். கால்வாயைத் தூர்வாருங்கள் என்கிறோம். முதலாளிக்கு லாபம், மீனவனுக்குச் சுமைகூலியா?