நாட்காட்டியை மாற்றினேன்... தேதியும் மாறிப்போச்சே! ஏன்?

பாட்டிக்குப் பலதுறை மருந்தகத்தில் 2026 ஏப்ரல் 7ஆம் தேதி சந்திப்பு. பழைய செயலியில் இருந்ததைப் புதிய நாட்காட்டிக்கு மாற்றியாச்சு. ஆனால் அன்று காலை கைத்தொலைபேசி எதையும் நினைவூட்டவில்லை. தேடிப் பார்த்தால், சந்திப்பு ஜூலை 4ஆம் தேதியில் இருக்கிறது!

என்ன நடந்தது?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். 07/04/2026 என்பது நமக்கு ஏப்ரல் 7. அமெரிக்க முறையில் படிக்கும் மென்பொருளுக்கு ஜூலை 4.

25/04/2026 என்றால் தவறு உடனே தெரிந்துவிடும். 25ஆவது மாதம் ஏது?

சத்தமில்லாமல் மாறும் தேதிகள்தான் ஆபத்து. நாள் 12க்குள் இருந்தால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். 1/1, 2/2 போன்றவற்றைக் கழித்தால், ஆண்டில் 132 தேதிகள் இப்படி இடம் மாறக்கூடும்.

எப்படித் தவிர்ப்பது?

🔹 முதலில் ஐசிஎஸ் கோப்பு கிடைக்குமா என்று பாருங்கள். நாட்காட்டிகளுக்காகவே உருவான கோப்பு அது. அதில் தேதி எப்போதும் 20260407 என்றே இருக்கும். ஆண்டு, மாதம், நாள். குழப்பமே இல்லை.

🔹 சிஎஸ்வி கோப்புதான் கிடைத்ததா? அதை நேராக எக்செலில் திறக்காதீர்கள். கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்து எக்செல் தானாகவே தேதியை ஊகித்துவிடும். 'டேட்டா' பகுதி வழியாகக் கோப்பை இறக்கி, தேதியை எழுத்தாகவே வைத்திருங்கள்.

🔹 ஏற்கனவே திறந்துவிட்டீர்களா? எக்செல் தேதியாக ஏற்றவை வலப்பக்கம் ஒட்டி நிற்கும். ஏற்காதவை இடப்பக்கம் நிற்கும். இரண்டும் கலந்திருந்தால், வலப்பக்கம் இருப்பவை மாறிப்போயிருக்கலாம். மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

🔹 புதிய செயலி கேட்கும் வரிசையில் தேதியைக் கொடுங்கள். கூகல் நாட்காட்டிக்கு சிஎஸ்வி கோப்பில் மாதம் முதலில் வரவேண்டும்: 04/07/2026. எக்செலின் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' வசதியில் 'டிஎம்ஒய்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், நாம் எழுதிய முறையை அது சரியாகப் புரிந்துகொள்ளும். பிறகு வரிசையை மாற்றலாம்.

🔹 புதிதாக ஒரு சோதனை நாட்காட்டி உருவாக்கி, அதில் இறக்கிப் பாருங்கள். தவறினால் அதை மட்டும் நீக்கிவிடலாம். ஒவ்வொரு நிகழ்வாக அழிக்கத் தேவையில்லை.

நேரமும் தள்ளிப்போச்சா?

ஐசிஎஸ் கோப்பில் நேரத்தின் கடைசியில் 'இசட்' எழுத்து இருந்தால், அது உலகப் பொது நேரம். நாம் 8 மணி நேரம் முன்னே இருக்கிறோம். நம் காலை 9 மணி, அதில் அதிகாலை 1 மணி. அது தவறல்ல, செயலியில் நேர மண்டலம் சரியா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று...

பழைய நாட்காட்டியை உடனே அழிக்கவேண்டாம். 25ஆம் தேதி சரியாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். 12ஆம் தேதிக்குள் வரும் நிகழ்வுகளைத் தேடிப் பாருங்கள். பாட்டியின் சந்திப்பு அங்கேதான் மாட்டிக்கொண்டது.