புறாக்கூண்டைச் சுற்றி முயல் நடமாட்டமா? விஷம் வைக்கும் முன் தரையைப் பாருங்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பகுதிகளில் விவசாயத்தோடு புறாவும் வளர்ப்போர் உண்டு. கர்ணப் புறா, பந்தயப் புறா, கறிக்கான புறா என்று நோக்கம் வேறுபட்டாலும், கம்பு, சோளம், மக்காச்சோளம், பாசிப்பயறு எல்லாம் சொந்தக் காட்டிலேயே விளைவதால் தீவனத்துக்கு அலைய வேண்டியதில்லை. கூண்டு காட்டை ஒட்டி இருந்தால் மட்டும் ஒரு கவலை வருகிறது. புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பின் உளுந்தும் பாசியும் இரண்டு இலை விட்டதும் முயல் நடமாட்டம் தெரியத் தொடங்கும். காலையில் கூண்டுக்கு அடியில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை கிடக்கும். அதே வாரத்தில் இரண்டு குஞ்சு காணாமல் போனால் பழி முயல் மேல் விழும். அடுத்து கண்ணியோ விஷத் தானியமோ வைக்கத் தோன்றும். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எந்த முயலைப் பற்றிப் பேசுகிறோம்?

தமிழில் ஒரே சொல்லால் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறோம். கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயலும் பழுப்பு முயலும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. அந்த முயல் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். 1859இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில் வேட்டைக்காக விடப்பட்ட சுமார் இரண்டு டஜன் முயல்கள் பெருகிக் கண்டத்தையே அலைக்கழித்தது இந்த இனம்தான். வெளிநாட்டுப் புறா வளர்ப்புக் குறிப்புகளில் 'முயல் வளை தோண்டிக் கூண்டின் அடித்தளத்தைச் சாய்த்துவிடும்' என்று எழுதுவதும் இதைப் பற்றித்தான்.

நம் கரிசல் காட்டில் ஓடும் முயல் வேறு. பிடரியில் கருப்புத் திட்டு உள்ள இந்திய முயல் இது. வளை தோண்டாது. பகலில் புல் தூரிலோ சீமைக்கருவேலப் புதரிலோ தரையைச் சற்றே அழுத்திப் படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் மேய வரும். குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து சீக்கிரம் ஓடத் தொடங்கிவிடும். உணவு புல்லும் இளம் தளிரும் மட்டுமே. முட்டையையோ குஞ்சையோ தொடாது. கூண்டின் காலையும் பறிக்காது. உங்கள் கூண்டுக்கு அடியில் புதிய வளை தெரிந்தால், எலியையோ பெருச்சாளியையோ தேடுங்கள்.

முயலிடமிருந்து புறாவுக்கு நோய் வருமா?

புறாவைக் கூட்டமாகக் கொல்லும் கழுத்து முறுக்கு நோய், கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நச்சுயிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. இது பறவையிலிருந்து பறவைக்கே பரவும். தொண்டையில் மஞ்சள் கட்டி போலப் படியும் நோய், குடிநீர் வழியாகவும் தாய்ப்புறா ஊட்டும்போதும் பரவும். ரத்தக் கழிச்சல் கிருமிகள் விலங்குக்கு விலங்கு தனித்தனி. முயலின் கிருமி புறாவுக்கு ஒட்டாது. முயலைக் கொல்லும் ரத்தக்கசிவு நோய் பறவைகளைத் தாக்குவதில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சால்மோனெல்லா என்ற குடல் கிருமி. இதற்கு விலங்கு, பறவை என்ற பேதம் கிடையாது. எந்தப் புழுக்கையும் சிறுநீரும் தீவனத்தில் கலந்தால் ஆபத்துதான். ஆனால் தீவனப் பாத்திரம் வரை ஏறி வருவது எலியும் சுண்டெலியும்; முயல் ஏறி வருவதில்லை. இரண்டு, முயலின் உடலில் உள்ள உண்ணிகள். இவை புறாவைவிட உங்கள் நாய்க்கும் ஆட்டுக்கும் தொல்லை தரும். செத்துக் கிடக்கும் முயலை வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள்.

வளர்ப்பு முயலும் வைத்திருப்போர் புறாக்கூண்டுக்கு நேர் கீழே முயல் கூண்டை வைக்க வேண்டாம். புறா எச்சம் பசுந்தீவனத்தில் விழுந்தால் குடல் நோய் இரு பக்கமும் பரவும்.

அப்படியானால் குஞ்சை எடுப்பது யார்?

கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பில் எலி தங்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். முயல் படுக்கும் அதே புதரில் கீரியும் காட்டுப்பூனையும் பதுங்கும். எனவே முயலின் புழுக்கையை ஓர் அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டைச் சுற்றி மறைவும் தீனியும் இருக்கிறது என்பதே அதன் பொருள். உண்மையான திருடனைத் தடயத்தில் கண்டுபிடிக்கலாம்.

உருண்டையாக, காய்ந்து, நார் நாராக உதிரும் புழுக்கை முயலுடையது. கதிர் போல் இருமுனையும் கூம்பிய கருப்புப் புழுக்கை எலியுடையது. செடியைக் கத்தியால் சாய்வாக அறுத்தது போலிருந்தால் முயல். கிழித்துக் குதறியது போலிருந்தால் வேறு விலங்கு. முட்டையும் சிறு குஞ்சும் இறகோ ரத்தமோ இல்லாமல் மறைந்தால் பாம்பாக இருக்கலாம். முட்டை ஓடு கடிபட்டுக் கிடந்து, பலகையில் பல் தடமும் இருந்தால் எலி. ஒரே நேரத்தில் பல புறாக்கள் கழுத்தில் கடிபட்டுச் செத்திருந்தால் கீரி அல்லது பூனை. பகலில் வெளியே இறகு வட்டமாகச் சிதறிக் கிடந்தால் வல்லூறின் வேலை.

நாயால் வரும் நட்டம்

முயலால் புறாவுக்கு வரும் நேரடியான தொல்லை ஒன்று உண்டு. அது நாய் வழியாக வருவது. கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் இந்தக் கரிசல் பூமியில் முயலை விரட்டிப் பேர் வாங்கியவை. கூண்டுக்கு அடியில் முயல் வாடை அடித்தால் இரவெல்லாம் குரைத்துப் பாயும். இருட்டில் மிரண்ட புறா வலையில் மோதிச் சிறகை முறித்துக்கொள்ளும். அடையை விட்டு எழுந்த பெட்டை திரும்ப அமராவிட்டால் முட்டை குளிர்ந்துவிடும். புறா முட்டை பொரிக்க 17 முதல் 18 நாள் ஆகும். பாதியில் கெட்டால் அந்த ஈடு முழுவதும் போச்சு. நாயைக் கூண்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். வேட்டைக்குப் பழக்கிய நாயைக் கூண்டுக் காவலுக்கு விடாதீர்கள்.

விஷமும் கண்ணியும் யாரைக் கொல்லும்?

முயலுக்கென்று வைக்கும் விஷத் தானியத்தை முயல் தேடி வந்து தின்பதில்லை. அதற்குத் தளிர் வேண்டும். தானியம் தின்பது புறாவும் மயிலும் கவுதாரியும்தான். எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் உள்ள அமிலத்தில் பட்டதும் நச்சுவாயுவாக மாறும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. சில தானியமே ஒரு புறாவுக்குப் போதும். விஷம் தின்ற எலியைத் தின்னும் நாய்க்கும் பூனைக்கும் ஆபத்து வரலாம். வயலோரம் தூவி வந்த போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. பழைய இருப்பு வீட்டில் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது.

முயல், 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. கண்ணி வைப்பது, நாய் விட்டு விரட்டிப் பிடிப்பது, கறிக்குக் கொல்வது எல்லாமே குற்றம். சொந்தப் பட்டா நிலம் என்பது விதிவிலக்கு ஆகாது. சிறையும் அபராதமும் வரும். முயலைத் தின்ன வந்த கீரிக்கும் உடும்புக்கும் சாரைப் பாம்புக்கும் இதே சட்டப் பாதுகாப்பு உண்டு. கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சினால் மனித உயிருக்கே ஆபத்து. அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

விதைப்பு வாரத்தில் கூடுதல் கவனம்

மானாவாரியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பூச்சிக்கொல்லியும் பூசணக்கொல்லியும் கலந்த விதை, மழை வரும் வரை மண்ணில் காய்ந்து கிடக்கும். மேலாக விழுந்த விதையைப் பொறுக்க முதலில் இறங்குவது நம் வீட்டுப் புறாவாகவே இருக்கலாம். இதில் செத்த புறாவைப் பார்த்து 'முயல் கொண்டுவந்த நோய்' என்று எண்ணிவிடக் கூடாது. சோள விதையை 5 செ.மீ. ஆழத்தில் விதைத்து மண் மூடுங்கள். வரப்பில் சிந்திய விதையைக் கூட்டி எடுங்கள். அக்கம்பக்கத்துக் காடுகளிலும் விதைப்பு முடியும் வரை ஓரிரு வாரம் புறாக்களைக் கூண்டிலேயே வைத்துத் தீனி போடுங்கள்.

கூண்டுக்காரர்கள் செய்ய வேண்டியவை

* ஒரு புறா நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் தானியம் தின்னும். 40 புறாவுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ. இதில் பத்தில் ஒரு பங்கு சிந்தினாலும் 150 கிராம். ஐந்தாறு எலிகள் ஒரு நாள் வயிறு நிறையத் தின்ன அது போதும். 15, 20 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். மிச்சத்தை அள்ளிவிடுங்கள்.

* சிந்திய பயறு முளைத்துக் கூண்டுக்கு அடியில் பச்சை கட்டினால், முயலை நாமே விருந்துக்கு அழைத்தது போலாகும். வாரம் ஒருமுறை அடித்தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

* கூண்டைச் சுற்றிக் குறைந்தது பத்தடிக்குப் புல், விறகு, பருத்திமார்க் குவியல், கருவேலப் புதர் எதுவும் வேண்டாம். வெட்டவெளியைக் கடக்க முயல் தயங்கும், எலியும் தயங்கும்.

* கூண்டின் தளம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். கால்களில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றிவிட்டால் எலியும் பாம்பும் ஏறுவது கடினம்.

* வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முட்டை வைக்கும் பகுதியில் கால் அங்குல வலை நல்லது. சுண்டெலியும் குட்டிப் பாம்பும் நுழையாது.

* தரையோரம் நைலான் மீன்வலை கட்டாதீர்கள். பாம்பும் பறவையும் சிக்கிச் சாகும். முயலைத் தடுக்க மூன்றடி உயரக் கோழிவலையின் அடிப்பகுதியைத் தரையோடு ஒட்டி முளையடித்தாலே போதும். இந்த முயல் தோண்டி நுழையாது.

* எலிக்குக் கூண்டருகே பொறி மட்டுமே வைக்கலாம். தஞ்சாவூர் கிட்டி வைத்தால் புறா சிக்காதபடி பெட்டிக்குள் வையுங்கள். வயலில் மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் எலி நடமாட்டம் உள்ள வளைக்குள் இட்டு மூடுங்கள். திறந்த வெளியில் வேண்டாம்.

* தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். சாக்கு மூட்டை எலிக்கு ஒரு இரவு வேலை.

* எச்சத்தைக் கூட்டும் முன் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால் தீராத இருமலும் மூச்சிரைப்பும் வரும். எச்சத்தை மக்கவைத்த பிறகே காட்டுக்குப் போடுங்கள்.

எப்போது மருத்துவரை அழைப்பது?

கழுத்து முறுக்கிக்கொண்டு தானியத்தைக் கொத்த முடியாமல் தவிப்பது, பச்சையாக நீர்த்த கழிச்சல், சிறகு தொங்குவது, மூட்டு வீக்கம், தொண்டையில் மஞ்சள் படிவு இவற்றில் எது தெரிந்தாலும் அந்தப் புறாவைத் தனியே பிரித்து வையுங்கள். புதிதாக வாங்கிய புறாவை மூன்று வாரம் தள்ளி வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேருங்கள். தடுப்பூசி பற்றி அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். ஒரே நாளில் பல புறாக்கள் செத்தால் ஒன்றைப் பாலித்தீன் பையில் கட்டி, குளிர்ந்த இடத்தில் வைத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நோயா, விஷமா என்பது அப்போதுதான் தெரியும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. 'முயல் தொல்லை' என்று புகார் வந்தால் முதலில் கூண்டின் அடித்தரையைப் போய்ப் பாருங்கள். அங்கே சிந்திய தானியம், முளைத்த பயறு, எலி வளை மூன்றும் இருந்தால் அந்தப் புகாருக்கான தீர்வு ஒரு மண்வெட்டியும் ஒரு துடைப்பமும்தான். விஷம் வாங்கும் காசில் கால் அங்குல வலை வாங்கச் சொல்லுங்கள். அது பல ஈடு குஞ்சுகளைக் காப்பாற்றும்.