நிரம்பாத தொட்டி

“டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை.” இப்படிப் பெருமையாகச் சொல்கிறவர் எல்லா ஊரிலும் உண்டு. அதைக் கேட்டால் எனக்கு அந்த வீட்டுக் கிணற்றை நினைத்துத்தான் கவலை வருகிறது.

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க், குடியேறிய கொஞ்ச நாளிலேயே நிரம்பிவிடும். பிறகு எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். ஒரு பக்கம் எவ்வளவு நீர் நுழைகிறதோ, அவ்வளவு மறுபக்கம் வெளியேறும். இடையில் அது ஒன்றிரண்டு நாளாவது அலையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் கனமானவை அடியில் வண்டலாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கும் லேசானவையும் மேலே ஏடுபோல் மிதக்கும். ஏட்டையும் வண்டலையும் தொடாமல் நடுவிலுள்ள நீரை மட்டும் எடுக்கத்தான், வெளிக்குழாயில் ‘டி’ வடிவத் துண்டு ஒன்றைப் பொருத்திக் கீழே இறக்கியிருப்பார்கள்.

வண்டலைச் செரிப்பவை, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள். சாண எரிவாயுக் கலனில் நடக்கும் அதே வேலைதான். மீத்தேனும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் அங்கிருந்துதான் வருகின்றன. கழிப்பறையில் அடிக்கடி ஆசிட் ஊற்றினால் இந்த உயிர்கள் மடிந்து, செரிமானம் நின்றுவிடும். அவற்றாலும் எல்லாவற்றையும் தின்று தீர்க்க முடியாது. மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு உயரும். தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது தாண்டினால் நீர் நின்று தெளிய இடமிருக்காது. வண்டல், வெளியேறும் நீரை மண்ணில் விடும் சோக் பிட்டுக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் இருபது வருஷம் லாரி தேடாத தொட்டி? பெரும்பாலும் அது தொட்டியே இல்லை. அடியில் கான்கிரீட் போடாமல் உறை இறக்கிய வெறும் குழி. வந்ததெல்லாம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மண் கிருமிகளை ஓரளவு வடிகட்டும், அதற்குத் தூரம் வேண்டும். தொட்டியில் தெளிந்த நீரை மண்ணில் விடும் இடம்கூடக் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதி. 18 மீட்டர் என்றால் ஏறத்தாழ 59 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். நம் குழிக்கும் பக்கத்து வீட்டு போருக்கும் இடையில் எத்தனை அடி இருக்கும்? நைட்ரேட்டோ நீரோடு கரைந்தே போய்விடும். மண்ணாலும் அதைத் தடுக்க முடியாது.

கோளாறு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். கழிப்பறையில் ஊற்றிய நீர் தயங்கி இறங்கும். குளியலறை ஓட்டையில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்கும். மழையே இல்லாத மாதத்திலும் சோக் பிட் மேல் மண் நசநசவென்றிருக்கும். அங்கே மட்டும் புல் செழிக்கும். கிணற்று நீரில் வாடை வந்தால் உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள். பல வீடுகளில் அடைப்புக்குக் காரணம் வண்டலே அல்ல, உள்ளே போட்ட நாப்கினும் டயப்பரும்தான்.

வண்டலை அளக்க எளிய வழி, வெள்ளைத் துணி சுற்றிய நீளக் கம்பு. லாரிக்காரர் மூடியைத் திறக்கும்போது அவரையே அடிவரை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். கறுப்புக் கறை எவ்வளவு உயரமோ, வண்டலும் அவ்வளவு. திறந்த வாயருகே குனியவோ தீக்குச்சி உரசவோ கூடாது.

ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். இறங்கியவர் மயங்கி விழுவார்; காப்பாற்றப் போனவரும் விழுவார். இப்படித்தான் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன. பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடிக் கசடு லாரிக் குழாய்க்கு வரவில்லை என்றாலும், கூடுதல் கூலி கேட்டு ஒருவர் தாமாகவே முன்வந்தாலும், யாரையும் இறங்க விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.